பதினொன்றாவது மஞ்சள் கோடு

செப்டம்பர் 2

இந்த நோட்டைக் கொடுத்தது ஹென்ரிக், வேலையின் தரத்தைப் பார்க்கப் போலந்திலிருந்து வந்திருக்கும் எஞ்சினியர். கறுப்பு அட்டை, தடிமனான தாள், ஓரத்தில் அவர்கள் கம்பெனி முத்திரை. ஒவ்வொரு ஆய்வாளரும் அன்றன்று செய்த வேலையை, கண்ட குறையை, மனதில் பட்டதை இதில் எழுத வேண்டுமாம். கேட்கும்போது காட்ட வேண்டுமாம். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னான். அதனால் தமிழில் எழுதுகிறேன். போலந்துக்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மனதில் பட்டதை எழுதச் சொன்னதால் முதலில் பட்டதையே எழுதிவிடுகிறேன்: இவனைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை.

நான் சென்னியப்பன். வயது ஐம்பத்தாறு. கோயம்புத்தூருக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஆலையில் பம்புசெட் செய்துகொண்டிருந்த காலத்திலிருந்து வேலை பார்க்கிறேன். இப்போது ராணுவத்துக்கு ஹெலிகாப்டர் செய்கிறோம். பன்னிரண்டு சிப்பாய்களையோ ஆறு ஸ்ட்ரெச்சரையோ ஏற்றிக்கொண்டு மலை உச்சிக்குப் போகிற வண்டி. உடம்பு எங்களுடையது. எஞ்சினும் இறக்கைகளும் போலந்துக்காரர்களுடையது. யார் வேலை சரியில்லை என்ற சண்டை இரண்டு பேருக்கும் பொது.

மேலே சுற்றும் நான்கு இறக்கைகளும் ஒரு தலையில் வந்து சேர்கின்றன. அந்தத் தலையைத் தண்டோடு பிடித்து வைப்பது பதினாறு போல்ட். ஃபிட்டர் ஒருவர் இறுக்கி, அதன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆய்வாளர், வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்கிற தன் சொந்த ரெஞ்சைப் போட்டுச் சோதித்து, சத்தமாகச் ‘சரி’ சொல்லி, நட்டின் மேல் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். இது ஹென்ரிக்கின் சட்டம். சந்தையில் தேங்காய் எண்ணுவது மாதிரி நாங்கள் கத்த வேண்டுமாம். அந்த ஆய்வாளர் நான்தான்.

செப்டம்பர் 4

ஃபிட்டராக யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று இன்று தெரிந்தது. நாச்சிமுத்து. என் தங்கை சிவகாமியின் புருஷன்.

நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. என் பையன் பிரதீப்புக்கு நாச்சிமுத்துவின் மகள் சுகிர்தாவைக் கட்டுவதாகச் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தது. பையன் பூனாவில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். நான் என்ன செய்ய? கல்யாணத்துக்கு நாச்சிமுத்து வந்தான். மண்டபத்தில் நூறு பேருக்கு முன்னால் என்னை வாக்குத் தவறினவன் என்றான். போட்ட இலையில் கை நனைக்காமல் எழுந்து போனான். சுகிர்தா என்னவோ இந்தக் கல்யாணம் நின்றதில் நிம்மதியாகத்தான் இருந்தாள். விமானப் படிப்புப் படித்துவிட்டு இதே ஆலையில் பறப்புச் சோதனைப் பிரிவில் எஞ்சினியராகச் சேர்ந்தாள். வழியில் பார்த்தால் ‘மாமா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவள் அப்பன்தான் வாயைத் தைத்துக்கொண்டான். நானும் தைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் உறவினரா என்று ஹென்ரிக் கேட்டான். ஒருவர் வேலையை ஒருவர் சோதிப்பவர்கள் உறவாக இருக்கக் கூடாதாம். இல்லை என்றேன். இன்றைய நிலவரப்படி அது பொய்யில்லை. அவன் தாளில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டான். உண்மையைச் சொன்னால், என்னைவிடக் கறாராக நாச்சிமுத்துவின் வேலையைச் சோதிக்க இந்த ஆலையில் ஆள் கிடையாது. அவனிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நாலு வருடமாகக் காத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9

சத்தம் போடும் பிரச்சினைக்கு வழி பிறந்துவிட்டது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. இன்று சின்ன வேலை ஒன்றில் நாச்சிமுத்து ஒவ்வொரு போல்ட்டை இறுக்கியதும் எண் சொல்லாமல் அதன் மேல் சிவப்புப் பொட்டு வைத்தான். நான் பொட்டைப் பார்த்தேன், ரெஞ்சைப் போட்டேன், மஞ்சள் கோடு இழுத்தேன். வாயைத் திறக்காமலே வேலை முடிந்தது.

ஹென்ரிக் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, எங்கள் ஆட்கள் எவ்வளவு கவனமாக, அமைதியாக வேலை செய்கிறார்கள் என்று மேனேஜரிடம் பாராட்டினானாம். தாளில் ‘எண் சொல்லப்பட்டது’, ‘பதில் சொல்லப்பட்டது’ என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் டிக் போட்டோம்.

செப்டம்பர் 17

இன்று தலையின் பதினாறு போல்ட் வேலை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடித்தோம். பதினாறுக்கும் கோடு போட்டேன். நடுவில் வாசலிலிருந்து ஆள் வந்து நாச்சிமுத்துவின் காதில் ஏதோ சொன்னான். அவன் அப்படியே இறங்கி ஓடினான். அரை மணி கழித்துத்தான் வந்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்?

வீட்டுக்கு வந்தால் என் சம்சாரம் வசந்தாமணி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ரேஷன் கடை வரிசையில் சிவகாமி மயங்கி விழுந்துவிட்டாளாம். சர்க்கரை இறங்கிவிட்டதாம். இப்போது பரவாயில்லையாம்.

“உங்க தங்கச்சி ரோட்டுல விழுந்து கெடந்திருக்கறா. நீங்க அவரு பக்கத்துலயே நின்னுட்டு, என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களா?” என்றாள்.

யாரும் என்னிடம் சொல்லவில்லை என்றேன். அது உண்மை.

செப்டம்பர் 18

தலைக்கு மூடி போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். இனி அதைத் திறக்க ஹென்ரிக் கையெழுத்து வேண்டும். நல்லது. வாய்க்கால் ஓரத்தில் வைத்த முருங்கை காய்க்க ஆரம்பித்திருக்கிறது.

செப்டம்பர் 30

வண்டியைத் தரையில் கட்டி வைத்து முதல் தடவை இறக்கையைச் சுற்றவிட்டார்கள். இருபது வருடம் கழித்து ஊருக்கு வந்த மகனைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் கண் கலங்கி நின்றார்கள். நானும்தான். அதை யாருக்கும் காட்டவில்லை.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு கொஞ்சம் கூடுகிறது. எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். ஹென்ரிக் திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து ஏனோ மேலே தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 6

அதிர்வு பற்றிக் கூட்டம். மேனேஜர், இரண்டு பக்கத்து எஞ்சினியர்கள், ஃபிட்டர்கள் எல்லோரும் இருந்தோம். மூடியைத் திறந்து பதினாறு போல்ட்டையும் மறுபடி சோதிக்க வேண்டும், இரண்டு நாள் போதும் என்றான் ஹென்ரிக்.

நான் எழுந்தேன். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். இன்று எங்கிருந்தோ வந்து கொட்டியது. எங்கள் போல்ட்டில் கை வைக்கும் முன்னால் உங்கள் இறக்கையை எடை போட்டுப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு குறைக்கும் முதலில் எங்கள் கையைப் பார்ப்பது என்ன பழக்கம், தாளில் முப்பத்திரண்டு டிக் இருக்கிறது, இரண்டு கையெழுத்து இருக்கிறது, அதை நம்பாவிட்டால் எதற்குக் கையெழுத்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் மேஜையைத் தட்டினார்கள். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. முதலில் இறக்கையைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் நாலைந்து பேர் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

நாச்சிமுத்து மட்டும் மேஜையைத் தட்டவில்லை. மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கைதட்டல் விழுந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை.

அக்டோபர் 8

மதியம் சாப்பிடவில்லை.

அக்டோபர் 22

நான் சொன்னதுதான் நடந்தது. இறக்கைகளில் ஒன்று மற்றதைவிட ஒரு சிட்டிகை கனம் கூடுதலாம். வேறு செட் வரவழைத்து மாட்டினார்கள். அதிர்வு முழுதாகப் போகவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. இவ்வளவு இருப்பது சகஜம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஹென்ரிக் கூட்டத்தில் எழுந்து என் இடத்துக்கே நடந்து வந்தான். நீங்கள் சொன்னது சரி, நான் உங்கள் வேலையைச் சந்தேகப்பட்டது தவறு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் கை நீட்டினான். பிடித்துக் குலுக்கினேன். வெற்றி என்றால் இதுதான் வெற்றி. வெளியே வந்து குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கையில் ஒரு அழுக்கும் இல்லை.

அக்டோபர் 28

எழுதிவிடுகிறேன். படிக்கிறவன் யார் இருக்கிறான்.

செப்டம்பர் 17 அன்று நாச்சிமுத்து இறங்கி ஓடியபோது பதினொன்றாவது போல்ட்டில் சிவப்புப் பொட்டு இருந்தது. அவன் ரெஞ்சும் அதன் மேலேயே மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து வரைக்கும் நான் என் ரெஞ்சைப் போட்டுச் சோதித்தேன், சத்தியமாக. பதினொன்றைச் சோதிக்க வேண்டுமானால் அவன் ரெஞ்சைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். இங்கே ஒருவர் ரெஞ்சை இன்னொருவர் கேட்காமல் தொடுவதில்லை. அதிலும் அவன் பொருளை நான் தொடுவதா? தொட்டால் ஏன் தொட்டாய் என்று கேட்பான், நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பேச்சு என்னால் ஆரம்பித்ததாகிவிடும்.

பொட்டு இருந்தது. பொட்டு வைத்தால் இறுக்கிவிட்டான் என்றுதான் அர்த்தம். ரெஞ்சுக்குக் கீழே பிரஷை நுழைத்துக் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் பதினாறு வரை முடித்திருந்தான். மீதி ஐந்தையும் முறையாகச் சோதித்தேன். பதினொன்றில் பெயின்ட் காய்ந்திருந்தது.

அவன் எவ்வளவு மோசமானவனாக இருந்தாலும் வேலையில் பிசகுகிறவன் இல்லை. இறுக்கியிருப்பான்.

நவம்பர் 3

நான்கு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வசந்தாமணியிடம், சிவகாமியைக் கூப்பிட்டு அவள் புருஷனிடம் கேட்கச் சொல்லு என்றேன்: பதினொன்றை முழுசாக இறுக்கினாரா, இல்லையா? வேறு எதுவும் பேச வேண்டாம், நான் கேட்டதாகவும் சொல்ல வேண்டாம்.

பதினொன்று என்றால் என்ன என்று வசந்தாமணி கேட்டாள். உனக்கு எதற்கு என்றேன். முறைத்துக்கொண்டே போன் போட்டாள். ஊர்ச் செய்தி எல்லாம் பேசி முடித்து அரை மணி கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தாள். அந்தப் பக்கம் சிவகாமி புருஷனிடம் கேட்டது எனக்கே கேட்டது. பிறகு பதில் இங்கே வந்து சேர்ந்தது.

“கோடு போட்டவங்களைப் போய்க் கேக்கச் சொல்றாருங்க,” என்றாள் வசந்தாமணி.

எவ்வளவு கொழுப்பு. நேராக ஒரு பதில் சொன்னால் என்ன? ஆமாம் என்று சொன்னால் நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன். வேண்டுமென்றே என்னைத் தவிக்கவிடுகிறான்.

நவம்பர் 10

முதல் பறப்பு 13ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு. நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். தரையிலிருந்து ஐம்பது அடி மேலே எழும்பி, கொஞ்ச நேரம் நின்று, ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்க வேண்டும். உள்ளே மூன்று பேர். பைலட் இரண்டு பேர், வடக்கத்தியர்கள். மூன்றாவது பெயர், கருவிகளைக் கவனிக்கும் எஞ்சினியர்: ந. சுகிர்தா.

பலகையிடம் நின்றுகொண்டிருந்தபோது அவளே பின்னால் வந்தாள். “மாமா, என்ற பேரு பாத்தீங்களா?” என்றாள். பார்த்தேன் என்றேன். அத்தையிடம் சொல்லிச் சாமிக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லுங்கள் என்றாள். சரி என்றேன்.

நவம்பர் 11

வீட்டுப் போர்வெல் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. காலையில் ஆள் வந்து பார்த்தான். பைப்பைத் தூக்கிப் பார்த்ததில் உள்ளே கம்பி சுற்றிய காயில் எரிந்துபோயிருக்கிறது. அவன் வைண்டிங் செய்ய எடுத்துப் போனான். அரை நாள் லீவு போட்டு உடன் நின்றேன். பழைய மோட்டார் மாதிரி வராது. இப்போது வருகிற செம்புக் கம்பி எல்லாம் தலைமுடி கனத்தில் இருக்கிறது. முருங்கைக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினேன்.

நவம்பர் 12

மோட்டார் வந்தது. இறக்கி மாட்டினோம். முதலில் சேறாக வந்து பிறகு தெளிந்தது. பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வையும் மாற்றிவிட்டேன். சாயங்காலம் தேங்காய் வாங்கி வந்து வைத்தேன். வசந்தாமணி எதற்கு என்று கேட்டாள். சுகிர்தாவுக்கு என்றேன். வசந்தாமணியே போய்க் கோயிலில் உடைத்துவிட்டு வந்தாள். காய் நன்றாக உடைந்ததாம், அழுகல் இல்லையாம்.

நவம்பர் 13

ஆறரை மணிக்கே ஆலைக்குப் போய்விட்டேன். வண்டி கொட்டகைக்கு உள்ளேதான் நின்றது. யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஏணியின் அடியில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். கையில் ரெஞ்ச்.

நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தெரியாது. மூடியின் முத்திரையை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிக்குள் மூன்றாவது இருக்கையில் அவளுடைய ஹெல்மெட் இருந்தது. அதில் சின்னதாக அவள் பெயர்.

“மாப்ள,” என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது. “பதினொண்ணை இறுக்குனீங்களா?”

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லீங்க மச்சான். பொட்ட முன்னாலயே வெச்சுட்டு இறுக்கறதுக்கு ரெஞ்ச மாட்டுனேன், சிவகாமி விழுந்துட்டான்னு ஆள் வந்துட்டான். திரும்பி வந்து பாத்தா உங்க கோடு இருந்துச்சு. அன்னிக்கு இருந்த பதட்டத்துல எதுல விட்டேன்னு எனக்கே நெனவில்லை. நீங்க சோதிக்காம கோடு போட மாட்டீங்கன்னு ரெஞ்ச எடுத்துப் பன்னெண்டுல மாட்டிட்டேன்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கோட்டை நம்பித்தான் அந்தப் போல்ட்டை விட்டிருக்கிறார். இறக்கைச் சண்டையில் நான் எழுந்து பேசியபோதும், சென்னியப்பன் இவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறான் என்றால் சோதித்திருப்பான் என்று நினைத்தாராம். சிவகாமி கேட்டபோதுதான் முதல் தடவையாக என் கோட்டின் மேல் சந்தேகம் வந்ததாம். அதற்குப் பிறகு பத்து நாளாக நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்தாராம்.

“நீங்க ஏன் வந்து கேக்கல?” என்றேன்.

“நீங்க ஏன் கேக்கலையோ அதுக்குத்தான்,” என்றார்.

இரண்டு பேரும் ஹென்ரிக்கின் அறைக்கு நடந்தோம். எதிரே சுகிர்தா பறப்பு உடுப்போடு வந்தாள். அவள் அப்பாவும் நானும் ஒன்றாக நடந்து வருவதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசியாகிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் அவளைத் தாண்டிப் போனோம்.

ஹென்ரிக் கத்தவில்லை. பறப்பை நிறுத்தினான். ஒன்பது மணிக்கு மந்திரி வருவதாக இருந்தது, அதையும் நிறுத்தச் சொன்னான். முத்திரையை வெட்டி மூடியைத் திறந்தார்கள். பதினொன்றைச் சுற்றி ரத்தம் காய்ந்த மாதிரி சிவந்த தூள் படிந்திருந்தது. உள்ளே இரும்பும் இரும்பும் உரசினால் வருகிற தூள். என் கோடு மட்டும் நேராக, அழகாக இருந்தது. ஹென்ரிக் தானே ரெஞ்சை மாட்டினான். எதிர்ப்பே இல்லாமல் கால் சுற்று ஓடிய பிறகுதான் ‘டக்’ என்றது.

பக்கத்துப் போல்ட்டில் நகக்கனத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. பதினொன்றின் சுமையையும் அது சுமந்திருக்கிறது. மேலே போயிருந்தால் எத்தனை நிமிடம் தாங்கியிருக்கும் என்று யாரோ கேட்டார்கள். ஹென்ரிக் அந்தப் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். சுகிர்தா ஏணியின் மேல்படியில் நின்று அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 15

இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். மேஜை தட்டியவர்களில் ஒருவர்கூடப் போன் எடுப்பதில்லை.

நவம்பர் 20

விசாரணை. எங்கள் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் இரண்டு பேர். வேறு நாளாக இருந்தால் இந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியிருப்பார்கள். இன்று எனக்கு எதிராக ஒற்றுமையாக இருந்தார்கள்.

ஹென்ரிக் இரண்டு தாளை முன்னால் வைத்தான். ஒன்றில் ‘எண் சொல்லப்பட்டது, பதில் சொல்லப்பட்டது’ என்று முப்பத்திரண்டு டிக். இன்னொன்றில் ‘உறவினரா?’ என்ற கேள்வி, ‘இல்லை’ என்ற பதில். நாலு வருடம் பேசவில்லையா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு வார்த்தையும்? ஒரு வார்த்தையும் என்றேன். ஏன் என்று கேட்டான். கல்யாணத்தில் சாப்பிடாமல் போய்விட்டார் என்றேன். எங்கள் ஆட்கள் மூன்று பேரும் புரிந்த மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நோட்டைக் கேட்டான். கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம் என்று வசந்தாமணி சொல்லப்போகிறாள். இதையும் எழுத வேண்டும் என்று நோட்டை ஒரு மணி நேரம் திரும்ப வாங்கி, ஆலை வராந்தாவிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளை பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து வைத்தார். குடித்தேன்.

டிசம்பர் 9

நோட்டு இன்றுதான் மறுபடி என் கைக்கு வந்தது.

போன வியாழக்கிழமை வண்டி பறந்துவிட்டது. தலையைப் புதிதாக மாற்றி, வேறு இரண்டு பேர் சத்தமாக எண் சொல்லி இறுக்கினார்களாம். வெளியே மதில் ஓரம் ரோட்டில் நின்று பார்த்தேன். சுவருக்கு மேலே எழும்பி நின்றது. பதினோரு நிமிடம். அது கீழே இறங்கி மறைகிற வரை நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது. மாப்பிள்ளையும் சிவகாமியும் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்கள். சிவகாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று விசாரணை அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நோட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வேலையைச் சுகிர்தாவிடம் கொடுத்திருக்கிறார்கள். உறவினர் செய்யலாமா என்று ஹென்ரிக் கேட்டானாம். வண்டியில் உட்கார இருந்தவள் நான், நான்தான் படிப்பேன் என்றாளாம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தட்டச்சுச் செய்த தாள்கள் ஒரு கட்டு.

“உக்காருங்க சார்,” என்றாள்.

உட்கார்ந்தேன்.

அவள் அப்பாவைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள். கொழுப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று மட்டும் கேட்டாள். திமிர் என்ற அர்த்தத்தில் போடச் சொன்னேன். குறித்துக்கொண்டாள். பிறகு நோட்டைத் திருப்பி ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“பத்தாம் தேதி என்ற பேரைப் பாத்திருக்கீங்க. பதிமூணாம் தேதி காலைலதான் சொல்லியிருக்கீங்க. நடுவுல ரெண்டு நாள் இருக்குது. அந்த ரெண்டு நாளும் மோட்டார் ரிப்பேர் பத்தி எழுதியிருக்கீங்க. காயில், செம்புக் கம்பி, ஃபுட் வால்வு.” அடுத்த தாளை எடுத்தாள். “விசாரணைக்கு இது தேவையில்லை, விட்டுடலாம்னு மேனேஜர் சொல்றாரு. இதையும் எழுதட்டுங்களா சார்?”

விட்டுவிடு என்ற சொல் வாய் வரை வந்தது.

“எழுதும்மா. அதைத்தான் மொதல்ல எழுதோணும்,” என்றேன்.

தலையாட்டினாள். கணினியைத் திறந்து என் முன்னாலேயே தட்டச்சுச் செய்தாள். முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றியதையும், தேங்காய் அழுகலில்லாமல் உடைந்ததையும் சேர்த்தாள். அச்செடுத்து என் பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு தாளின் கீழும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் தாளின் முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். நாற்பத்தொரு தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஒவ்வொரு தாளையும் நான் முடித்து நகர்த்தும்போது அவள் அதன் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். நான் ‘சரி’ என்று சொல்லும் வரை அடுத்ததைக் கொடுக்கவில்லை.